காசு எங்களது, பொருள் யாருடையது?

(வலிகாமத்துச் சனசமூக நிலையமொன்றின் ஆண்டு விழாவில், பெற்றோரும் உயர்தர மாணவரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைபேசியிலும் கணினியிலும் பிள்ளைகள் விளையாடும் கேம்களுக்குள்ளே நடக்கும் வியாபாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கேம் விளையாடுவது பாவம் என்று சொல்லப்போவதில்லை. நல்ல விளையாட்டு ஒரு கலைப்படைப்பு. அதில் ஓவியம் இருக்கிறது, இசை இருக்கிறது, கதை இருக்கிறது, கணிதமும் இருக்கிறது. அதைச் செய்தவர்களுக்குக் கூலி சேரத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. பிள்ளை காசு கட்டும்போது அவனுக்குக் கிடைப்பது என்ன? ஒரு பொருளா, ஒரு பொருளைச் சில காலம் பயன்படுத்தும் அனுமதியா, அல்லது ஒரு லொத்தர்ச் சீட்டா? இந்த மூன்றும் வெவ்வேறானவை. ஆனால் கைபேசித் திரையில் மூன்றும் ஒரே நிறப் பொத்தானில்தான் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

முதலில், இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தொண்ணூறுகளில் மேல்நாடுகளில் ஒரு விளையாட்டு நன்றாக விற்றால், அதன் தொடர்ச்சியாக இன்னொரு பெட்டி கடைக்கு வரும். அதில் புதிய கதையும் புதிய நிலப்பரப்பும் இருக்கும். வாங்கியவரின் கையில் ஒரு சீடி இருக்கும். இணையம் வேகம் பெற்றபிறகு பெட்டி போய்விட்டது. மேலதிகப் பகுதியைக் காசு கட்டித் தரவிறக்கலாம் என்றானது. இதைத்தான் பிள்ளைகள் டி.எல்.சி. என்கிறார்கள்.

2006 ஏப்ரலில் பெதஸ்டா என்ற அமெரிக்க நிறுவனம், ஒப்லிவியன் என்ற தன் விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசம் விற்றது. எக்ஸ்பொக்ஸ் கருவியில் அதன் விலை இரண்டரை டொலர். விளையாட்டைத் தொடர்வதற்கு அந்தக் கவசம் தேவையே இல்லை. உலகெங்கும் விளையாடுபவர்கள் கோபப்பட்டார்கள், கேலி செய்தார்கள். ஆனால் வாங்கவும் வாங்கினார்கள். முழுக் கதை ஒன்றை எழுதி விற்பதைவிடத் துண்டு அலங்காரங்களை விற்பது இலகு என்ற பாடத்தை நிறுவனங்கள் அன்றைக்குப் படித்துக்கொண்டன.

நேர்மையாக விற்றவர்களும் இருக்கிறார்கள். போலந்து நாட்டுச் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2016இல் தன் விட்சர் 3 விளையாட்டுக்கு ‘பிளட் அண்ட் வைன்’ என்ற தொடர்ச்சியை 20 டொலருக்கு வெளியிட்டது. புதிய நாடு, புதிய மாந்தர், 20 மணி நேர அளவில் விளையாட்டு. அதே நிறுவனம் 16 சிறு மேலதிகங்களை இலவசமாகவும் கொடுத்தது. ஆகவே டி.எல்.சி. என்ற பெயரைக் கேட்டதும் ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இனி எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவோம். நாங்கள் இந்தச் சந்தைக்குள் நுழைந்த வழி உலகத்தின் வழி அன்று. 1990இல் போர் மறுபடியும் மூண்டபின் பல ஆண்டுகள் இங்கே மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இந்த அவையில் முன்வரிசையில் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் கடையில் பெட்டி வாங்கி விளையாடிய காலத்தில் எங்கள் பிள்ளைகளின் கையில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் கணினிகள் வந்தன, நெற் கபேக்கள் வந்தன. அங்கே விளையாடப்பட்ட கேம்களில் பெரும்பாலானவை கொப்பி அடித்த சீடிகள். விலை கொடுத்து ஒரு விளையாட்டை முழுதாக வாங்கும் பழக்கம் எங்களிடம் உருவாக இடமே இருக்கவில்லை.

பிறகு கைபேசி வந்தது. 2017இல் ஃப்ரீ ஃபயர், 2018இல் பப்ஜி மொபைல். இரண்டும் இலவசம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. இணையவழி வகுப்புக்கென்று, கடன்பட்டும் கைபேசி வாங்கிக்கொடுத்த வீடுகள் எத்தனை! வகுப்பு முடிந்தபிறகும் கைபேசி பிள்ளையின் கையிலேயே இருந்தது. ஆக, கொப்பி சீடியிலிருந்து இலவச விளையாட்டுக்கு ஒரே தாவலில் வந்துவிட்டோம். ஒரு விளையாட்டுக்கு நியாயமான விலை எவ்வளவு என்று யோசிக்கும் பழக்கம் பெற்றோரிடமும் இல்லை, பிள்ளையிடமும் இல்லை. இலவசம் என்று நுழைந்த இடத்தில் சில்லறை சில்லறையாகக் காசு போகும்போது அதை அளக்க எங்களிடம் அளவுகோல் இல்லாமல் போனது இதனால்தான்.

அந்தச் சில்லறை எப்படிப் போகிறது? விளையாட்டுக்குள் ரூபா செல்லாது. ஃப்ரீ ஃபயரில் டயமண்ட் வாங்க வேண்டும், பப்ஜியில் யூசி வாங்க வேண்டும். 99 அமெரிக்க சதத்துக்கு 60 யூசி என்பது நெடுங்காலம் இருந்துவந்த விலை. பத்து டொலர் கட்டினால் 660. றோயல் பாஸ் என்ற பருவச்சீட்டு ஒரு காலத்தில் 600 யூசிக்கு விற்கப்பட்டது. 660 வாங்கி 600 செலவழித்தால் கையில் 60 எஞ்சும். எஞ்சிய 60க்குப் பெரிதாக ஒன்றும் வராது. அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் மறுபடி காசு போட வேண்டும். இது தற்செயலாக அமைந்த கணக்கு என்று நான் நம்பவில்லை. நாணயத்தை மாற்றிவிட்டால் விலை மறந்துபோகும். ‘1,800 ரூபா துப்பாக்கி நிறத்துக்கு’ என்று சொன்னால் பிள்ளையே திடுக்கிடுவான். ‘360 யூசி’ என்றால் அது வெறும் இலக்கம்.

எங்கள் நாட்டில் இதற்கு இன்னொரு பாரமும் உண்டு. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. எரிபொருள் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நாங்கள் நின்ற மாதங்கள் அவை. திரையில் தெரிந்த டயமண்டின் எண்ணிக்கை அப்போதும் மாறவில்லை. அதற்குப் பின்னால் இருந்த ரூபா மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் கிறடிற் காட் இலக்கம் கைபேசியில் பதிந்திருந்தால் அந்த ஏற்றமும் கண்ணுக்குத் தெரியாது. கனடாவில் இரவு வேலை செய்து உழைத்த காசு, இங்கே ஒரு பொம்மை வீரனின் சட்டைக்குப் போகிறது. அனுப்புபவருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

இனி உரிமைக்கு வருகிறேன். காணியின் அருமை தெரிந்தவர்கள் நாங்கள். ஓர் உறுதியைச் சரைப்பையில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசுக்கு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் முடிக்காத காணி விற்பனை செல்லாது. அதற்கும் முன்னால் 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த, எங்கள் வழக்குச் சட்டமான தேசவழமையில் முதுசம் என்ன, சீதனம் என்ன, தேடிய தேட்டம் என்ன, ஒற்றி என்ன என்று பிரித்துப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய பொருள், யாருக்குப் போகும், எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரியாமல் எங்கள் முன்னோர் ஒரு பரப்புக் காணியும் வாங்கியதில்லை.

அதே மூன்று கேள்வியை விளையாட்டுக்குள் வாங்கும் பொருளிடம் கேட்டுப் பாருங்கள். யாருடையது? நிறுவனத்துடையது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று பிள்ளை அழுத்தும் நீண்ட ஒப்பந்தத்தில், தரப்படுவது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்று எழுதியிருக்கும். யாருக்குப் போகும்? ஒருவருக்கும் போகாது. விற்கவோ, தம்பிக்கு எழுதிக்கொடுக்கவோ பொதுவாக இடமில்லை. எவ்வளவு காலம்? நிறுவனம் சேவரை நிறுத்தும்வரை. ஒற்றிக்குக் காணி பிடித்தவருக்குக்கூட, காணிக்காரன் கொடுத்த காசைத் திருப்பித் தரும்வரை விளைச்சலை எடுக்கும் உரிமை உண்டு. மீட்கும் நாளில் தன் முதல் முழுதாகக் கைக்கு வரும். கேமுக்குள் காசு போட்டவருக்கு அந்த ஒற்றிக்காரனின் பாதுகாப்புக்கூட இல்லை. காணி போகும்போது முதலும் சேர்ந்தே போகிறது.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததைப் பாருங்கள். 2020 செப்ரெம்பர் 2ஆம் திகதி இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடைசெய்தது. ஒக்ரோபர் 30ஆம் திகதியோடு ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் கதவு மூடப்பட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வருடக்கணக்கில் சேர்த்த உடைகளும் துப்பாக்கி நிறங்களும் அந்தக் கதவுக்குப் பின்னால் போயின. 2021 யூலையில் பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி விட்டார்கள். 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. அதே ஆண்டு யூலையில் பிஜிஎம்ஐயும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டு, திரும்பி வர ஏறக்குறையப் பத்து மாதம் ஆயிற்று. தடை சரியா பிழையா என்பது வேறு வாதம். காசு கொடுத்து வாங்கியது அரசின் ஓர் உத்தரவிலோ நிறுவனத்தின் ஒரு முடிவிலோ மறைந்துபோகும் என்பதுதான் நாங்கள் கவனிக்க வேண்டியது.

அரசு தலையிடாத இடத்திலும் இது நடக்கிறது. யுபிசொஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014இல் விற்ற ‘த குரூ’ என்ற காரோட்டும் விளையாட்டை 2024 மார்ச் 31இல் நிறுத்திவிட்டது. முழுவிலை கொடுத்து வாங்கியவர்களும், மேலதிகக் கார்களுக்குக் காசு கட்டியவர்களும் வெறுங்கையோடு நின்றார்கள். அதன்பின் ரொஸ் ஸ்கொட் என்பவர் தொடங்கிய ‘விளையாட்டுகளைக் கொல்லாதீர்’ என்ற இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 யூலையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. கலிபோர்னியா மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. அனுமதியை மட்டும் விற்றுக்கொண்டு ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் இணையக் கடை, அது அனுமதி மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறிய படிதான். ஆனாலும் நேர்மையான படி.

மூன்றாவது வகைக்கு வருகிறேன், லொத்தர் வகைக்கு. காசு கட்டி ஒரு பெட்டியைத் திறக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. அபூர்வமான பொருள் விழலாம், குப்பையும் விழலாம். இதை லூட் பொக்ஸ் என்பார்கள். வெளிச்சமும் ஓசையும் கூட்டி, நூலிழையில் தவறிவிட்டது போலக் காட்டி, இன்னொரு முறை என்று அழைப்பார்கள். 2018இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் 7,000க்கும் மேற்பட்ட விளையாட்டாளரிடம் நடத்திய ஆய்வில், லூட் பொக்ஸுக்குக் கூடச் செலவழிப்பவரிடம் சூதாட்டப் பிரச்சினையின் அறிகுறிகளும் கூட இருக்கக் காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்று தெரிந்தபின் வாசலைப் பூட்டாமல் விடலாமா?

சில நாடுகள் பூட்டப் பார்த்திருக்கின்றன. 2012இல் யப்பான், சீட்டுச் சீட்டாகச் சேர்த்துப் பெரும்பரிசு எடுக்கும் முறை ஒன்றை நிறுத்தியது. 2017இல் சீனாவும் 2024 மார்ச்சில் தென்கொரியாவும், எந்தப் பொருள் எத்தனை வீதம் விழும் என்பதை வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கின. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, காசு கட்டித் திறக்கும் இந்தப் பெட்டி சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்றது. ஆனால் பின்னர் வந்த ஓர் ஆய்வு, அதே பெல்ஜியத்தில் அதிக வருமானம் ஈட்டும் 100 ஐபோன் விளையாட்டுகளில் 82இல் அந்தப் பெட்டி இன்னும் இருப்பதைக் காட்டியது. சட்டப் புத்தகத்தில் வரி இருந்தால் போதாது, அதைப் பார்த்து நடத்த ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எங்கள் நிலை என்ன? இலங்கையில் 18 வயதுக்குக் குறைந்தவர் பராயமடையாதவர். எங்கள் பொதுச்சட்டமான உரோம ஒல்லாந்தச் சட்டத்தில், பாதுகாவலரின் துணையின்றிப் பராயமடையாதவர் செய்த ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. பாண் நிறை குறைந்தால் முறையிடுகிறோம், அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை மீறினால் முறையிடுகிறோம். பிள்ளையின் கையிலிருக்கும் கடையைப் பற்றியும் முறையிடும் பழக்கம் வர வேண்டும். அமெரிக்காவில் இப்படி முறையிட்டதால்தான் 2014இல் அப்பிள் நிறுவனம், பிள்ளைகள் பெற்றோரின் சம்மதமின்றி வாங்கியவற்றுக்காகக் குறைந்தது மூன்றேகாற் கோடி டொலர் அளவில் திருப்பிக்கொடுக்க நேர்ந்தது. 2022 டிசெம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எப்பிக் நிறுவனம் 52 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24½ கோடி, குழப்பமான பொத்தான்களால் காசை இழந்தவர்களுக்குத் திருப்பிக்கொடுப்பதற்கு.

ஒரு தாய் என்னிடம் வந்தார். சீட்டுக் காசுக்கென்று வங்கியில் போட்டிருந்ததில் பெரும்பகுதி மகனின் கேமுக்குள் துண்டுதுண்டாகப் போயிருந்தது. மகனை அடித்துவிட்டதாகச் சொல்லி அழுதார். நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அடிக்கு முன்னால் கைபேசியின் அமைப்பை மாற்றுங்கள். கூகிள் பிளேயில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல்லோ விரல் அடையாளமோ கேட்கும்படி வைக்கலாம். அந்தக் கடவுச்சொல் பெற்றோரிடம் இருக்கட்டும். ஃபமிலி லிங்க் என்ற இலவசச் செயலியால் பிள்ளையின் கொள்வனவுக்கு உங்கள் அனுமதியைக் கட்டாயமாக்கலாம். ஐபோனிலும் இதே வசதி உண்டு. தவறுதலாகப் போன காசுக்கு 48 மணி நேரத்துக்குள் கூகிளிடம் மீளளிப்புக் கேட்கலாம். உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் செய்த கொடுப்பனவு என்றால் 120 நாளுக்குள் அறிவிக்கலாம். வெளிநாட்டு உறவினரின் காட் விபரத்தை வீட்டுக் கைபேசியில் ஒருபோதும் பதிந்து வைக்க வேண்டாம்.

பூட்டுப் போடுவதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, எதை வாங்குகிறான், ஏன் வாங்குகிறான் என்று அவனோடு இருந்து பாருங்கள். அவனுடைய கூட்டாளிகள் எல்லோரும் புதுச் சட்டை போட்ட வீரர்களோடு வர, இவன் மட்டும் இலவசச் சட்டையோடு நிற்கும்போது படும் அவமானம் உண்மையானது. அதைச் சின்ன விடயம் என்று தள்ளாதீர்கள். நிறுவனங்கள் விலைபேசுவது அந்த அவமானத்தைத்தான்.

தொலைபேசிக் கடை நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். டயமண்டும் யூசியும் போட்டுக்கொடுக்கும்போது ரூபாக் கணக்கைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொடுங்கள். பள்ளிச் சீருடையோடு வந்து பெரிய தொகை நீட்டும் பிள்ளைக்கு ‘அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்’ என்று சொல்லுங்கள். ஊர்க் கடைக்கு அந்த உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு. சனசமூக நிலையங்கள் தங்கள் வாசிகசாலை மேசையில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். பெற்றோர் கைபேசியைக் கொண்டுவரட்டும், உயர்தரப் பிள்ளைகள் அமைப்புகளை மாற்றிக் கொடுக்கட்டும். அரசிடம் நாங்கள் கேட்க வேண்டியவை மூன்று: விலை ரூபாவில் தெரிய வேண்டும்; பெட்டிக்குள் எது எத்தனை வீதம் விழும் என்று தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்; சேவையை நிறுத்தும் நிறுவனம் போதிய முன்னறிவித்தல் தர வேண்டும்.

கடைசியாக, பின்வரிசையில் நிற்கும் மாணவத் தம்பி தங்கைமாருக்கு. நீங்கள் வாங்குபவர்களாக மட்டும் இருந்துவிடாதீர்கள். 2023 யூலை 31இல் ‘வெண்பா’ என்ற விளையாட்டு வெளிவந்தது. கனடாவின் ரொறன்ரோவில் விசை கேம்ஸ் என்ற சின்னஞ்சிறு குழு செய்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், தன் தாயின் கிழிந்தும் அழிந்தும் போன சமையற் கொப்பியைப் பார்த்து இட்டலியும் புட்டும் சமைக்கிறாள். மகன் தமிழிலிருந்து விலகிப் போகிறான், பிறகு தேடி வருகிறான். விலை 15 டொலர். அந்த விலைக்குக் கதை முழுதும் கிடைக்கும். உள்ளே டயமண்ட் இல்லை, பருவச்சீட்டு இல்லை, பெட்டி இல்லை. அந்த விளையாட்டுக்கு 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், பிரித்தானிய பஃப்டா அமைப்பின் அறிமுகப் படைப்பு விருதும் கிடைத்தன. புட்டுக்குழலை வைத்து உலகத்தின் மேடையில் ஏற முடிந்தது. பிள்ளையின் பலவீனத்தை விலைபேசாமலே அது முடிந்தது.

இந்தக் குடாநாட்டில் கணினி படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது. யாழ் ஐரி ஹப் பல ஆண்டுகளாக யாழ் கீக் சலஞ்ச் போட்டியை நடத்தி வருகிறது. இடம்பெயர்வும் கடலும் பனையும் கோயிற் திருவிழாவும் உங்களிடம் கதையாக இருக்கின்றன. அவற்றை விளையாட்டாக்குங்கள். விலை வையுங்கள், கூச்சப்பட வேண்டாம். உழைப்புக்கு விலை உண்டு. ஆனால் விலையைத் தெளிவான பணத்தில் எழுதுங்கள். தொடர்ச்சி விற்றால் புதிய கதையைக் கொடுங்கள். நீங்கள் கடையை மூடினாலும் வாங்கியவர் தொடர்ந்து விளையாடும்படி செய்துவிட்டுப் போங்கள்.

உறுதி பார்க்காமல் காணி வாங்காத ஊர் இது. அந்த விழிப்பு பிள்ளையின் கைபேசிக்கும் வர வேண்டும். அதைக் கொண்டுவருவது இன்றிரவு வீட்டுக்குப் போய் நீங்கள் செய்யக்கூடிய வேலை.